சனி ஞாயிறு மட்டும் பூத்த பூ

லிஃப்ட் நின்ற இடம் மூன்றாம் மாடியும் இல்லை, அதற்கு அடுத்ததும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் பெட்டி ஒரு தும்மல் போட்டுவிட்டு அடங்கிப்போனது. மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் இருந்த எஃப் பொத்தான் மட்டும், தன் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதுபோல் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நாலு என்று சொன்னால் சாவு என்றும் காதில் விழும் ஊர் அது. அதனால் நாலாம் மாடிக்கு, ஆங்கில ஃபோரின் முதல் எழுத்தை எடுத்து, எஃப் என்று பெயர்.

பியோ சாங்மின் அந்தப் பொத்தானை மறுபடி அழுத்தினான். பிறகு எல்லாப் பொத்தான்களையும் வரிசையாக அழுத்தினான். நடுவழியில் நிற்பதில் அவனுக்கு நல்ல அனுபவம் உண்டு. முனைவர் பட்டத்தை முக்கால்வாசியில் விட்டவன். கல்யாணம் ஒன்றைப் பெண் வீட்டாரோடு விருந்து சாப்பிடும்வரை கொண்டுபோய் விட்டவன். இப்போது முப்பத்தெட்டு வயதில், கொரியாவின் தேஜான் நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் நேர்மைப் பிரிவில் உட்கார்ந்து, பட்டத்தை முடித்தவர்கள் யோக்கியமாக முடித்தார்களா என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. இதில் இருக்கும் வேடிக்கை அவனுக்கும் தெரியும். யாராவது சிரிப்பதற்கு முன் தானே சிரித்துவிடுவான்.

அவசர போனில் ஒரு குரல் சொன்னது: "ஆள் கிளம்பிட்டார் சார். ரோட்டுல பனி. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"கொஞ்சம்னா எவ்வளவுங்க?"

"பனி எவ்வளவோ அவ்வளவு சார்."

"உக்காரு சாங்மின்" என்றார் மா கியோங்ஹி. நேர்மைப் பிரிவின் தலைவர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சுவரில் சாய்ந்து தரையில் கால் நீட்டி, கோட்டுப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துத் தோலை அறுபடாமல் ஒரே நாடாவாக உரிக்கத் தொடங்கியிருந்தார். "நீ நின்னா மட்டும் அது நகரப்போறதா?"

பெட்டிக்குள் இன்னொருவனும் இருந்தான். முழங்கால்வரை தொங்கும் பஞ்சுக் கோட்டு, காலில் லேப் செருப்பு, கையில் கடையில் வாங்கிய முக்கோணச் சோற்றுப் பொட்டலம். பிரிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க நேர்மைப் பிரிவா?" என்றான்.

"மூஞ்சியிலேயே எழுதியிருக்கா தம்பி?" என்றான் சாங்மின்.

"சட்டையில எழுதியிருக்கு சார். அட்டை தொங்குது." அவன் எழுந்து நின்று குனிந்து வணங்கினான். "நான் கில் தேயோன். நீங்க தேடி வந்த ஆள் நான்தான்."

சாங்மினுக்குக் கூச்சமாகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவனோடு ஒரே பெட்டிக்குள் அடைபடுவது எப்படி என்று அலுவலக விதிமுறையில் எங்கும் இல்லை. மா கியோங்ஹிக்கு அந்தச் சங்கடம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆரஞ்சில் பாதியைப் பிட்டு அவனிடம் நீட்டினார். "நல்லதாப் போச்சு. உக்காந்து சொல்லு. முதல்ல நீ என்ன பண்றேன்னு சொல்லு. அப்புறம் என்ன பண்ணினதா சொல்றாங்கன்னு சொல்லு."

தேயோன் உட்கார்ந்தான்.

"பாட்டரிக்குள்ள வைக்கிற பொடி பண்றேன் மேடம். கோபால்ட் உப்பு, யூரியா, தண்ணி. மூணையும் வெள்ளை டெஃப்லான் குடுவைல ஊத்தி, இரும்புக் கூட்டுக்குள்ள வெச்சு, ஸ்பேனர் போட்டு இறுக்கி, அடுப்புல ராத்திரி பூரா விட்டுடுவேன். மறுநாள் ரோஸ் கலர்ல பொடி வரும். உலையில சுட்டா கறுப்பாயிடும். மைக்ராஸ்கோப்புல பார்த்தா ஒவ்வொரு துகளும் ஒரு பூ. இதழ் அவ்வளவு மெல்லிசு."

"பூ எதுக்கு?"

"லித்தியம் உள்ள போயிட்டு வெளிய வரணும் இல்லையா. இதழா இருந்தா சுலபமா வரும். கட்டியா இருந்தா உள்ள போனது மாட்டிக்கும்." கதவைப் பார்த்தான். "நம்மள மாதிரி."

"சரி. பூ பூத்தது. அப்புறம்?"

"இலையுதிர்காலத்தோட நின்னுபோச்சு. அதே உப்பு, அதே தண்ணி, அதே குடுவை, அதே சூடு. கட்டி கட்டியா வருது. என்னால முடியலை, எங்க லேப் சீனியர் உன்ஜே அக்காவாலயும் முடியலை. பாட்டரி கம்பெனிக்காரங்க திருப்பிச் செஞ்சு காட்டுங்கறாங்க. எங்க லேப் தலைவர் நோ புரொபசர், இவன் ஆரம்பத்துலேருந்தே ஏமாத்தியிருக்கான், வேற எங்கேயோ வாங்கின பொடியை வெச்சு படம் எடுத்திருக்கான்னு எழுதிக் குடுத்துட்டார்."

"அப்படி நினைக்க ஏதாவது காரணம் இருக்கணுமே."

தேயோன் தலையைக் குனிந்துகொண்டான். "இருக்கு மேடம். நல்லா வந்த பொடி எல்லாமே சனி ஞாயிறுல பண்ணினது. வாரநாள்ல வேற குடுவைல பண்ணிப் பார்த்தப்போ கட்டிதான் வந்தது. 'நான் இருந்தா கட்டி, நான் இல்லாட்டி பூவா, உன் பூவுக்கு என்னைக் கண்டா வெக்கமா'ன்னு கேட்டார். என்னால பதில் சொல்ல முடியலை."

"வாரநாள்ல ஏன் உன் குடுவையையே எடுத்துக்கலை?"

"கடைசியா சேர்ந்தவன் நான். அந்தக் குடுவை வாரநாள் முழுக்க ஷெர்சோத் அண்ணனுக்கு. உஸ்பெகிஸ்தான்லேருந்து வந்தவர். அவரோடது வேற கம்பெனி வேலை, என்ன பண்றார்னு நாங்க கேட்கக்கூடாது, அவரும் சொல்லக்கூடாது. சனி ஞாயிறு எனக்கு. நான் சோப்பு போட்டுக் கழுவிட்டு எடுத்துப்பேன். இலையுதிர்காலத்துல அவர் ஒப்பந்தம் முடிஞ்சு ஊருக்குப் போனதும் ஏழு நாளும் எனக்கேன்னு சந்தோஷப்பட்டேன். போற அன்னிக்குப் பாவம், அந்தக் குடுவையை அவரே பளபளன்னு கழுவி என் மேசைல வெச்சார். 'பாவப்பட்ட குடுவை, இனிமே சுத்தம்'னார். எனக்கு அழுகை வந்துடுச்சு. அவர் கொரிய மொழி ஒரு மாதிரி, பாதி வார்த்தையை முழுங்கிடுவார். ஆனா மனசு இருக்கே."

"ஊருக்குப் போனப்புறம் சனி ஞாயிறுல பண்ணிப் பார்த்தியா?"

"எல்லா நாள்லயும் பண்ணினேன். ஒண்ணும் பூக்கலை."

கோட்டின் உள் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். பிரிக்கவில்லை.

"இன்னிக்குச் சாயங்காலம் விசாரணைக் குழு கூடுது. அதுக்கு முன்னாடி இதுல கையெழுத்துப் போட்டா, வெளிய தெரியாம அனுப்பிடறேன்னார் புரொபசர். 'நான் ஏமாத்தினேன்'னு எழுதியிருக்கு. போடாம தோத்தா, பேர் ஊருக்கெல்லாம் தெரிஞ்சு வெளிய போகணும். ரெண்டுலயும் நிலையத்துலேருந்து எடுத்துடுவாங்க. கட்டாய ராணுவ சேவைக்குப் பதிலா இங்க செய்யற வருஷமெல்லாம் சேராது, நேரா முடியை வெட்டிக்கிட்டு முகாமுக்குப் போகணும். அதுகூடப் பரவாயில்லை. மத்தவங்களும் போறதுதானே. ஆனா செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிக் குடுக்கணும்னா..." காகிதத்தை முழங்கால்மேல் வைத்தான். "காலைலேருந்து மூணு தடவை பேனாவை எடுத்தேன் சார். கை போகமாட்டேங்குது. போடாமலும் இருக்க முடியலை."

சாங்மினுக்கு வாயில் ஒரு நகைச்சுவை வந்தது. அதை அப்படியே விழுங்கினான். தன் பட்டத்தைக் கைவிட்ட நாளில் அவனிடமும் ஒரு காகிதம் நீட்டப்பட்டது. அவன் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருந்தான்.

"சோத்தைச் சாப்பிடு" என்றார் மா கியோங்ஹி. "பேனாவைச் சாங்மின்கிட்ட குடு. சாயங்காலம் வரைக்கும் அவன் வெச்சிருக்கட்டும்."

அப்போதுதான் மேலிருந்து யாரோ கதவை நெம்பும் சத்தம் கேட்டது.

*

லேபுக்குள் நுழைந்ததும் சாங்மின் சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டான். திறக்க முடியாத ஜன்னல்கள், உறுமும் அடுப்புகள், உலர்ந்த காற்று. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே வியர்க்கிறது. தான் படித்த லேபும் இப்படித்தான் இருந்தது. அந்த ஆறு வருடமும் வானிலை எப்படி இருந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

லேபில் மூத்த மாணவி சோன் உன்ஜே இருந்தாள். மைக்ராஸ்கோப்பும் மற்ற இயந்திரங்களும் அவள் பொறுப்பு. முகத்தில் தூக்கம், கையில் ஆறிப்போன காப்பி. வந்தவர்களுக்குச் செருப்பு மாற்றக் கொடுத்தாள்.

"குடுவைங்க எங்கம்மா இருக்கு?" என்றார் மா கியோங்ஹி.

ஒரு அலமாரியைக் காட்டினாள். மேல்தட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று கறுப்பு மையில் எண் போட்ட வெள்ளைக் குடுவைகள். தரையை ஒட்டிய கீழ்த்தட்டில், ஒதுக்கி வைத்த உறவினர்கள்போல், இரண்டே இரண்டு. ஒன்றில் எஃப், மற்றதில் எஸ்.

"எஃப் என்னோடது" என்றான் தேயோன். "யாரும் தொடமாட்டாங்க. புதுசா வந்தவனுக்குன்னு தள்ளிட்டாங்க."

சாங்மின் ஆர்வக்கோளாறில் எஸ் என்று போட்டிருந்த குடுவையின் மூடியைத் திருகினான்.

"சார், அதை மட்டும்..." என்று உன்ஜே ஆரம்பிப்பதற்குள் திறந்துவிட்டான். அழுகிய முட்டை நாற்றம் அறையை நிரப்பியது. அவன் இருமியபடி மூடியைத் தேடினான். அது உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டிருந்தது.

"எஸ்னா சல்ஃபர் சார்" என்றாள் உன்ஜே, மூக்கைப் பிடித்துக்கொண்டு. "கந்தகம். எத்தனை கழுவினாலும் டெஃப்லான் விடாது, உறிஞ்சி வெச்சுக்கும். அதனாலதான் கந்தகத்துக்குன்னே ஒண்ணை ஒதுக்கி வெச்சிருக்கோம். உள்ளே நுழையறப்பவே சொல்லியிருக்கணும், என் தப்புதான். எதையும் திறக்கற ஆள்னு தெரியாது."

மா கியோங்ஹி நாற்றத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எஃப் குடுவையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் பால்போல் வெள்ளையாக இருந்தது. மேல்தட்டில் இருந்தவற்றின் உள்பக்கமெல்லாம் பழுப்பேறியிருந்தது.

சாங்மின் அவரை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டுபோய் ரகசியமாகப் பேசினான். "மேடம், எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணுதான். சாவி அவகிட்ட, மருந்துங்க அவகிட்ட. சின்னவன் பேர் வாங்கறது பொறுக்காம கோபால்ட் உப்பை மாத்தியிருக்கா. ஷெர்சோத் இருந்தவரைக்கும் அவர் கண்ணு இருந்தது. அவர் போனதும் ஆரம்பிச்சுட்டா. அதனாலதான் அந்த இலையுதிர்காலத்தோட நின்னுபோச்சு."

"நான் கெடுக்கணும்னா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது, "உப்பை ஏன் சார் மாத்தணும்? மைக்ராஸ்கோப்புல அவனுக்கு நேரம் குடுக்காம இருந்தாலே போதும். அப்புறம் பூவாவது, காயாவது." உன்ஜே காப்பியை ஒரு வாய் குடித்தாள். "இந்த அறையில ரகசியம் பேச முடியாது சார். ஏழு வருஷமா இங்கதான் இருக்கேன். எனக்குத் தெரியும்."

சாங்மினின் காதுகள் சிவந்தன. தான் கண்டுபிடித்தவர்களில் இதுவரை ஒருவர்கூடக் குற்றவாளியாக இருந்ததில்லை என்பது அவனுக்கு நினைவுக்கு வந்தது.

"உன்ஜே, கோவிச்சுக்காதே" என்றார் மா கியோங்ஹி, குடுவையை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு இரண்டாவது ஆரஞ்சை உரிக்கத் தொடங்கியபடி. "அவன் எல்லாரையும் சந்தேகப்படுவான். போன மாசம் என்னை. சரி, நல்ல பொடிக்கும் கெட்ட பொடிக்கும் வடிவம்தான் வேற. உள்ள இருக்கற சரக்கும் வேறயா? அதை யாராவது பார்த்தீங்களா?"

"பார்த்தோம். பொடியைப் பசை போட்டுத் தகட்டுல தடவி, பாட்டரில வெக்கற மாதிரியே பண்ணித்தான் பார்த்தோம். கம்பெனிக்காரங்களுக்கு அப்படித்தான் வேணும். ரெண்டும் ஒண்ணுதான். கோபால்ட், ஆக்சிஜன், கார்பன், புல்சோ."

"புல்சோ எதுக்கு வந்தது?" ப்ளோரினுக்குக் கொரிய மொழியில் அதுதான் பெயர்.

"ப்ளோரினா? அது எல்லாத்துலயும் வரும் மேடம். பசையிலயே ப்ளோரின்தானே. பாட்டரி லேபுல புல்சோ வந்தா யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம்."

மா கியோங்ஹியின் விரல் குடுவையின் மேல் எழுதியிருந்த எழுத்தின்மேல் நின்றது. அவர் உரித்துக்கொண்டிருந்த இரண்டாவது ஆரஞ்சின் தோல் முதல்முறையாக அறுந்தது.

"தேயோன், உங்க ஷெர்சோத் அண்ணன் போறப்போ சொன்னதை இன்னொரு தடவை சொல்லு. அர்த்தம் வேண்டாம். அவர் வாயிலேருந்து வந்த சத்தத்தை அப்படியே சொல்லு."

"புல்... 'புல்சா குடுவை, இப்ப சுத்தம், எதுக்கு வேணா எடுத்துக்கோ'ன்னார். 'புல்சாங்'னு சொல்ல வந்தார். பாவம்னு."

"புல்சாவா, புல்சோவா?"

தேயோன் வாயைத் திறந்தான். கண்கள் மெல்லப் பெரிதாயின.

"பசை படாத பொடி இருக்கா? வெறும் பொடி. பூத்ததுல ஒண்ணு, பூக்காததுல ஒண்ணு."

"சின்னக் குப்பியில எல்லாத்துலயும் கொஞ்சம் வெச்சிருக்கேன்" என்றான்.

"உன்ஜே, அதை உன் இயந்திரத்துல போட்டுக் காட்டும்மா. சாங்மின், நீ போய் நோ புரொபசரைக் கூட்டிட்டு வா. குழு அறைக்கு இல்லை, இங்க. எதையும் திறக்காம வா."

*

பேராசிரியர் நோ பியோங்சோல் நரைத்த தலையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்தார். வந்ததும் தேயோனைப் பார்க்கவில்லை. உலர்த்தும் அடுப்பைத்தான் பார்த்தார்.

"கம்பெனிக்காரங்க வெளிய காத்திருக்காங்க மேடம். அவன் கையெழுத்துப் போட்டானா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"பேனா என்கிட்ட இருக்கு சார்" என்றான் சாங்மின்.

"உக்காருங்க புரொபசர்" என்றார் மா கியோங்ஹி. "ஒரே ஒரு கேள்வி. பையன் ஏமாத்தறவனா இருந்தா, எதுக்குச் சனி ஞாயிறு மட்டும் ஏமாத்தணும்? நீங்க சந்தேகப்படுவீங்கன்னு தெரிஞ்சே அப்படிச் செய்வானா? கெட்டிக்காரத் திருடன் செவ்வாய்க்கிழமைக்கும் ரெண்டு பூ போட்டு வெச்சிருப்பான்."

"அப்ப கெட்டிக்காரத்தனம் இல்லாத திருடன்."

"இல்லை. சனி ஞாயிறுல மட்டும் அவன் கைக்குக் கிடைச்சது என்னன்னு பார்க்கணும். ஆள் இல்லாத அறை கிடைச்சதுன்னு நீங்க நினைச்சீங்க. அவனுக்குக் கிடைச்சது ஒரு குடுவை." எஃப் குடுவையை மேசையில் வைத்தார். "வாரநாள் முழுக்க ஷெர்சோத் இதுல வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர் போட்டது எதுவோ அது டெஃப்லானுக்குள்ள ஊறியிருந்தது. சனிக்கிழமை இவன் சோப்புத் தண்ணியில கழுவிட்டுத் தன்னோடதை ஊத்தினான். இவன் பண்ணினதோட எப்பவும் கொஞ்சம் ஷெர்சோத்தோடதும் சேர்ந்தே வெந்தது. ஷெர்சோத் என்ன போட்டார்னு உங்களுக்குத்தானே தெரியும்."

பேராசிரியர் குடுவையைப் பார்த்தபடி சொன்னார்: "ப்ளோரைடு உப்பு."

"அது கொஞ்சம் கலந்தா கோபால்ட் எப்படி வளரும்?"

"இதழா வளரலாம்." குரல் இறங்கியது. உடனே நிமிர்ந்துகொண்டார். "இதெல்லாம் கற்பனை. டெஃப்லானே ப்ளோரினால ஆனதுதான் மேடம். அப்படிப் பார்த்தா எல்லாக் குடுவையும் பூக்கணுமே."

"டெஃப்லானுக்குள்ள இருக்கற ப்ளோரின் கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருக்கறது, வெளிய வராது. அது உங்களுக்கே தெரியும். உன்ஜே, படத்தைக் காட்டும்மா."

உன்ஜே திரையைத் திருப்பினாள். "ரெண்டுமே பசை படாத வெறும் பொடி. ரெண்டும் இதே குடுவைல பண்ணினது. இது அண்ணன் இருந்தப்போ. இந்தா, புல்சோ. குட்டி மலை மாதிரி எழும்பியிருக்கு பாருங்க. இது அவர் போனப்புறம். அந்த இடத்துல சமவெளி." கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். "பசையோட பார்த்ததால இத்தனை நாளா கண்ணுல படலை. என் தப்பும் இருக்கு."

"பொடியைக் கடையில வாங்கி ஏமாத்தறவன்" என்றார் மா கியோங்ஹி, "தனக்கே தெரியாத ப்ளோரினை அதுக்குள்ள எப்படி வைப்பான்?"

தேயோன் அந்தக் குட்டி மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்றார் பேராசிரியர். "ஆனா ஷெர்சோத் ஒழுங்கானவன். ப்ளோரைடை எல்லாரும் புழங்கற குடுவைல போடமாட்டான். நானே சொல்லியிருக்கேன், தனியா ஒண்ணு வெச்சுக்கோன்னு."

"வெச்சுக்கிட்டாரே. தேயோன், போனைப் போடு."

மூன்றாவது மணியில் ஷெர்சோத் திரையில் வந்தார். சமர்கந்தில் ஒரு சமையலறை. இடுப்பில் ஒரு குழந்தை, பின்னால் ரொட்டி அடுக்கிய தட்டு. பேராசிரியரைப் பார்த்ததும் குழந்தையோடு சேர்ந்தே குனிந்து வணங்கினார். அவருடைய கொரிய மொழி தடுக்கித் தடுக்கி வந்தது.

"குடுவையா? ஆமா, எஃப். நான் வந்த அன்னிக்கு அலமாரி பார்த்தேன். கீழ ரெண்டு தனியா. எஸ், எஃப். எஸ் நாறுது, கந்தகம். அப்ப எஃப் புல்சோ. வேதியியல் லேபுல எஃப்னா வேற என்ன? ரொம்ப நல்ல லேப், எல்லாத்துக்கும் தனிக் குடுவைன்னு நினைச்சேன். வேற எதுலயும் நான் போடலை. ஒரு தடவைகூட. மத்தவங்களுக்கு ஒட்டக்கூடாது இல்ல."

"ஊருக்குப் போறப்போ?" என்று கேட்டார் மா கியோங்ஹி.

"அமிலம் ஊத்தினேன். ரெண்டு தடவை. ராத்திரி ஊற வெச்சேன். தம்பிக்கு வேற குடுவை குடுக்கமாட்டாங்க, அவனுக்காவது சுத்தமா இருக்கட்டும்னு. புல்சோ குடுவை, இப்ப சுத்தம்னு சொன்னேனே." எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஏதாவது தப்பாயிடுச்சா தம்பி?"

தேயோன் தொண்டையைச் செருமினான். "இல்ல அண்ணே. ரொம்ப சுத்தமாயிடுச்சு, அவ்வளவுதான்."

அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தான்.

சாங்மின் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். "நான் பார்த்த உடனே நாலுன்னுதான் படிச்சேன் மேடம். லிஃப்ட்ல அவ்வளவு நேரம் அதையே முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே."

"நீ மட்டும் இல்லை. இந்த அறையில இருக்கற எல்லாரும் நாலுன்னுதான் படிச்சாங்க. நம்ம ஊர்ல பிறந்தவங்க யாரும் வேற மாதிரி படிக்கமாட்டோம். வெளியூர்க்காரர் ஒருத்தர்தான் அதை வேதியியலா படிச்சார். படிச்ச விதத்துல அவர் மேலயும் தப்பில்லை." மா கியோங்ஹி குடுவையைப் பேராசிரியர் பக்கம் மெல்லத் திருப்பினார். "ஆனா மேல்தட்டுல ஒண்ணு ரெண்டு மூணு அஞ்சு எல்லாம் ஒரே கையெழுத்து. இந்த எஃப்பும் அதே கையெழுத்து. யாரோடது, புரொபசர்?"

பேராசிரியர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"என்னோடது" என்றார். "புதுக் குடுவைங்க வந்த அன்னிக்கு நானே எண் போட்டேன். என் லேபுல நாலுன்னு எழுதவேண்டாம்னு..." மேலே சொல்லாமல் நிறுத்தினார். "அப்போ ஒரு பெரிய திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். முதல் நாளே எதுக்குன்னு தோணிச்சு. கீழ்த்தட்டுல வெச்சதும் நான்தான்."

சாங்மின் அவரைப் பார்த்தான். அவரும் அடைபட்டுத்தான் கிடக்கிறார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெளியே கம்பெனிக்காரர்கள், மேலே நிலையம், நடுவில் அவர் பெயர். பையனை வெளியே தள்ளினால் தனக்கு மூச்சு கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எல்லோரையும் ஒரே கூட்டுக்குள் வைத்து யாரோ ஸ்பேனரால் இறுக்கியிருக்கிறார்கள். மனிதர் மேல் கோபப்படலாம் என்று முயற்சி செய்தான். வழக்கம்போல முக்கால்வாசிதான் முடிந்தது.

தேயோன் மடித்த காகிதத்தை மேசைமேல் வைத்தான். பேராசிரியர் அதை எடுத்து, பிரிக்காமலேயே நான்காகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"குழுகிட்ட புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன்" என்றார். அவனைப் பார்த்துச் சொன்னார். அன்று முதல்முறை. "நான் கேட்டிருக்கணும். கேட்காம முடிவு பண்ணிட்டேன். என்னை..." கைக்குப் பழகிய வேலைக்குத் திரும்பினார். "நாளைக்கே ப்ளோரைடை அளந்து போட்டுச் செஞ்சு பாரு. பூத்ததுன்னா இது சின்ன விஷயம் இல்லை. கட்டுரையைத் திருத்தி எழுதலாம். கம்பெனிக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

"சரிங்க புரொபசர்" என்றான் தேயோன். குனிந்து வணங்கினான். நிமிர்ந்தபின் நகரவில்லை. "கட்டுரைல ஷெர்சோத் அண்ணன் பேரும் வரணும்."

"அவன் வேற கம்பெனித் திட்டத்துல இருந்தவன். அது அவ்வளவு சுலபம் இல்லை."

"பாதிப் பூ அவரோடது."

உன்ஜே காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தாள். சாங்மின் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தான். இப்போதுதான் கதவு திறந்திருக்கிறது. அது தெரிந்தும் பையன் திரும்பி உள்ளே போகிறான்.

"தேயோன்" என்றார் பேராசிரியர், "உன் பட்டம் இன்னும் என் கையிலதான் இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதனாலதான் மேடம் இங்க இருக்கறப்பவே சொல்லிடறேன். அவங்க போனப்புறம் எனக்கு தைரியம் வராது."

மா கியோங்ஹி ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்க்கத் தொடங்கினார். எங்கும் போகிற அவசரம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பேராசிரியர் சட்டைப் பையைத் தடவினார். கிழித்த காகிதத் துண்டுகள்தான் இருந்தன. சாங்மினைப் பார்த்துக் கையை நீட்டினார். சாங்மின் பேனாவைக் கொடுத்தான்.

"அவன் முழுப்பேர் என்ன?"

தேயோன் உன்ஜேயைப் பார்த்தான். உன்ஜே பேராசிரியரைப் பார்த்தாள். இரண்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். ஷெர்சோத் என்பதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை.

தேயோன் மறுபடி போனைப் போட்டான். குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவே ஷெர்சோத் வந்தார். எதற்கு என்று கேட்டார். எதற்கு என்று சொன்னார்கள். திரையில் அந்த முகம் சற்று நேரம் எங்கோ திரும்பியிருந்தது. பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பேராசிரியர் எழுதுவதற்கு ஏற்றபடி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினார்.